வைரம் பாய்ந்த காம்பு

நான் இரும்பைப் படித்தவன். என் சகலை பல்லைப் படித்தவன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் வரப்போகும் கூத்தில் யாருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் வரக்கூடாது. உலோகவியலில் எனக்கு இரண்டு பட்டம். ஹூஸ்டனில் எண்ணெய்க் கிணறு தோண்டும் கருவிகள் செய்கிற ஒரு கம்பெனியில் எட்டு வருஷம் வேலை பார்த்தேன். கிணற்றுக்குள் ஒரு எஃகுத் தண்டு உடைந்துபோனால், உடைந்த துண்டை என் மேஜைக்குக் கொண்டுவருவார்கள். நான் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, விரிசல் இந்த இடத்தில் ஆரம்பித்தது, இன்ன காரணத்தால் உடைந்தது என்று எழுதிக் கொடுப்பேன். ஒரு பொருள் ஏன் உடைகிறது என்பதுதான் என் பிழைப்பு.

சகலை, என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். என்னைவிட ஆறு வயது சின்னவன். ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில் எங்கள் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி அவன் வீடு. இரண்டு குடும்பமும் திருநெல்வேலிப் பக்கத்துச் சர்ச் குடும்பங்கள்தான். என்னை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவான். அவன் வீட்டு வாசலில் என் கார் நின்றால் ஓடிவந்து கதவைத் திறந்துவிடுவான். இதில் வயிறு எரிய என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது. அவன் எதைத் தொட்டாலும் அது அவனுக்கு வந்துவிடும். கீபோர்டு ஒன்று வாங்கினான், ஆறே மாதத்தில் பிரேயர் மீட்டிங்கில் பாட்டுகளுக்கு வாசித்தான். புரோட்டா வீசிப் பார்க்கிறேன் என்றான், புரோட்டாவும் வந்தது. அதே நாள், அதே மாவில் நான் வீசிய புரோட்டா அடுப்புக்குப் பின்னால் போய் விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். உள்ளே சிரிக்கவில்லை.

எண்பதுகளின் நடுவில் எண்ணெய் விலை விழுந்தது. ஹூஸ்டன் முழுக்க ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். என்னையும் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கூப்பிட்டு, ஒரு அட்டைப்பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். நல்லவேளை, கிரீன் கார்டு வந்திருந்தது. என் மனைவிக்கும் மெடிக்கல் சென்டரில் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை இருந்தது. காலையில் அவள் கிளம்பி ஃப்ரீவேயில் போவாள், நான் வாசலில் நின்று கையாட்டுவேன். ரெஸ்யூமே அனுப்புவேன். பதில் வராது. எங்கள் ஏழு வயது மகளைப் பள்ளிக்கூட பஸ் ஏற்றிவிடுவேன், இறக்கிக்கொள்வேன். இவ்வளவுதான் என் நாள்.

என் மனைவி என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. மெல்ல மெல்ல என்னிடம் எதையும் கேட்பதை நிறுத்திவிட்டாள். ஒரு நாள் சமையலறையில் நின்று தங்கையிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"கார்ல ஏதோ கடகடன்னு சத்தம் வருது. உங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டுச் சொல்லேன், என்னவா இருக்கும்னு."

நான் பக்கத்து அறையில்தான் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பட்டத்தோடு உட்கார்ந்திருந்தேன். காரில் சத்தம் வந்தால் பல் டாக்டரைக் கேட்கிறாள்!

என்னோடு அதே வெள்ளிக்கிழமை வேலை போனவர்களில் ஒருவன் கம்பெனியின் வெல்டர். உள்ளூர் வெள்ளைக்காரன், என் வயதுதான், நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். பக்கத்து ஊரான ரோசன்பெர்க்கைத் தாண்டி அவனுக்குக் கொஞ்சம் நிலமும் ஒரு தகரக் கொட்டகையும் இருந்தன. கொட்டகையில் நிலக்கரி உலை போட்டு டாமஹாக் அடித்துக்கொண்டிருந்தான். செவ்விந்தியர்களும் பழைய காலத்து வேட்டைக்காரர்களும் வெட்டவும் குறிபார்த்து எறியவும் இடுப்பில் செருகிக்கொண்ட கைக்கோடரி அது. வாரக்கடைசியில் தோல் சட்டை மாட்டிக்கொண்டு, காட்டில் கூடாரம் அடித்து, அந்தக் காலத்து ஆட்கள் மாதிரி வாழ்ந்து பார்க்கிற கூட்டம் ஒன்று டெக்ஸாஸில் உண்டு. அவர்கள்தான் அவனிடம் வாங்குகிறவர்கள். சும்மா இருக்கிறாயே, வந்து அடித்துப் பாரேன் என்றான். போனேன்.

ஏன் போனேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். என் கையால் ஒரு பொருளைச் செய்து வீட்டுக்குக் கொண்டுபோய் மேஜைமேல் வைக்க வேண்டும். என் மனைவி அதைப் பார்த்து, 'பரவாயில்லையே' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தை கிடைத்தால் போதும் என்று இருந்தது எனக்கு. வேறு ஒரு மண்ணும் வேண்டாம்.

வெல்டர், குதிரைக்கு லாடம் அடிக்கிறவர்கள் தேய்த்துக் கழித்துப்போட்ட பெரிய அரம் ஒன்றை எடுத்துக்கொள்வான். நல்ல எஃகு. அதை உலையில் காய்ச்சி, நடுவில் ஒரு இரும்புத் தடியைக் கொடுத்து, புத்தகத்தை மூடுவதுபோல இரண்டாக மடிப்பான். தடி இருக்கிற இடம் காம்பு நுழையும் கண். மீதி இரண்டு இதழும் ஒன்றாக ஒட்டி அலகாக வேண்டும். அங்கேதான் வித்தை. இதழ்களுக்கு நடுவே வெண்காரத்தைத் தூவி, மறுபடி உலையில் வைத்து, மேல்பரப்பு நெய் உருகி நிற்பதுபோலப் பளபளக்கும் வரை காத்திருந்து, அந்த நொடியில் வெளியே எடுத்துத் தட்டினால் ஒட்டும். ஒரு நொடி முந்தினால் ஒட்டாது. ஒரு நொடி பிந்தினால் கம்பி மத்தாப்பாகப் பொரிந்து எஃகு எரிந்துபோகும்.

அந்த நொடியில் எஃகுக்குள் என்ன நடக்கிறது என்று நான் கரும்பலகையில் படம் போட்டு ஒரு மணி நேரம் பேசுவேன். ஆனால் கண்ணால் பார்த்துப் பிடிக்கத் தெரியவில்லை. முதல் மூன்றும் எரிந்தன. அடுத்த இரண்டும் ஒட்டவில்லை, சுத்தியலால் தட்டினால் வாயைப் பிளந்தன. வெல்டர் இன்னொரு அரத்தை எடுத்துக் கையில் கொடுப்பான். ஐந்து சனிக்கிழமைகள் இப்படிப் போய், ஆறாவது சனிக்கிழமை ஒன்று ஒட்டியது. கண் கொஞ்சம் கோணல்தான். இருந்தால் என்ன, ஒட்டியது. எண்ணெயில் அமிழ்த்திக் கடினப்படுத்தி, வீட்டுக்குக் கொண்டுவந்து சமையலறை மின்அடுப்புக்குள் ஒரு மணி நேரம் வைத்துப் பதமாக்கினேன். அடுப்பு முழுக்க எண்ணெய் நாற்றம். மனைவி வேலையிலிருந்து வந்து மூக்கைச் சுளித்தாள். நான் அலகை அவள் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நீங்களா செஞ்சீங்க?" என்றாள்.

"பின்னே?"

"நல்ல கனமா இருக்கே" என்றாள். முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு. வந்துவிடும், அந்த வார்த்தை இதோ வந்துவிடும் என்று நான் நிற்கிறேன். அவள் சொன்னது இது: "தங்கச்சி வீட்டுக்காரரையும் கூட்டிட்டுப் போங்களேன். அவருக்கு இந்த மாதிரி விஷயம்னா ரொம்ப இஷ்டம்."

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அடுத்த சனிக்கிழமை அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். வழி நெடுக அவனுக்குக் கேள்வி. எஃகில் கார்பன் எவ்வளவு இருக்க வேண்டும், எண்ணெயில் ஏன் அமிழ்த்துகிறோம், தண்ணீரில் அமிழ்த்தினால் என்ன ஆகும். நான் பெரிய மனுஷனாகப் பதில் சொல்லிக்கொண்டு போனேன். கொட்டகைக்குப் போய்ச் சேருகிற வரைக்கும்தான் அந்தப் பெருமை.

முதல் அரத்தை எரித்தான். நான் ஆறுதல் சொன்னேன், மனதுக்குள் ஜில்லென்று இருந்தது. இரண்டாவது அரம் ஒட்டியது. ஒட்டியது என்றால் சாதாரணமாக அல்ல. இரண்டு இதழும் சேர்ந்த கோடே தெரியவில்லை. வெல்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, சுற்றிச் சுற்றிப் பார்த்து, விசில் அடித்தான். நான் ஆறு வாரம் அந்தக் கொட்டகையில் கரியைத் தின்றிருக்கிறேன். எனக்கு ஒரு விசில் கிடையாது.

"எப்படித் தெரிஞ்சுது உனக்கு, எப்ப எடுக்கணும்னு?" என்று கேட்டேன்.

"தெரியலண்ணே. பல்லுக்கு கிரவுன் காஸ்ட் பண்ணும்போது தங்கம் உருகுறத பாத்துப் பாத்துப் பழக்கம். அந்தப் பளபளப்பு வந்ததும் கை தானா போயிருச்சு."

கை தானாகப் போய்விட்டதாம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் சுத்தியலை எடுத்துப் பட்டறைக்கல்மேல் வெறுமனே இரண்டு அடி அடித்தேன். அதற்கப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் அவன் வந்தான். வெல்டர் அவனிடம் நாளைக்கு இருபது வார்த்தை பேச ஆரம்பித்தான்.

இதற்கிடையில் எங்கள் தமிழ் ஐக்கியத்தின் அறுப்பின் பண்டிகை நெருங்கியது. ஒரு அமெரிக்கச் சர்ச்சின் ஹாலை ஞாயிறு மத்தியானங்களில் வாடகைக்கு வாங்கித் தமிழில் ஆராதனை நடத்திவந்தோம். ஊரில் அறுப்பின் பண்டிகைக்கு நெல்லும் வாழைத்தாரும் கோழியும் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் படைப்பார்கள், ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். இங்கே யாரிடம் நெல் இருக்கிறது? அதனால் அவரவர் கையால் செய்ததைக் கொண்டுவர வேண்டும் என்று வழக்கம் வைத்துக்கொண்டோம். கேக், அதிரசம், ஸ்வெட்டர், தொட்டியில் வளர்த்த கருவேப்பிலைக் கன்று. அந்த வருஷம் நானும் சகலையும் ஆளுக்கொரு டாமஹாக் படைப்பது என்று வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் போனிலேயே முடிவு பண்ணிவிட்டார்கள். அலகுகள் தயார். காம்புதான் பாக்கி.

ஒரு சனிக்கிழமை சகலைக்கு யாரோ ஒரு நோயாளி அவசரமாக வந்துவிட்டதால் நான் மட்டும் போயிருந்தேன். கொட்டகைக்குப் பின்னால் கூரைக்கு அடியில் வெல்டர் பிளந்து காயப்போட்ட கட்டைகள் அடுக்கியிருந்தன. ஹிக்கரி, ஆஷ், அந்தப் பக்கமெல்லாம் வளர்கிற பீக்கன். ஒன்றை எடுத்துக்கொள் என்றான். நான் புரட்டிப் புரட்டிப் பார்த்து, நல்ல கறுத்த, நடுமரமாகப் பார்த்து ஒன்றை எடுத்தேன். நாங்கள் வளர்ந்த ஊரில் மரம் என்றால் வைரம்தான். தேக்கானாலும் வேம்பானாலும் வெளியே இருக்கிற வெள்ளையைச் செதுக்கி எறிந்துவிடுவார்கள், அது கறையானுக்கு. நடுவில் கறுத்து, வைரம் பாய்ந்த பகுதிதான் நிலைக்கும், ஜன்னலுக்கும், கட்டிலுக்கும். நான் எடுத்த கட்டையில் அந்தக் கறுப்பும் இருந்தது, சுழி சுழியாக ரேகையும் இருந்தது. பார்க்கவே கொள்ளை அழகு.

வெல்டர் அதை என் கையிலிருந்து வாங்கினான். பட்டறைக்கல்லின் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினான். கட்டை குறுக்கே சரிவாகப் பிளந்து, இரண்டு ஈட்டி மாதிரி ஆகிவிட்டது. பிறகு அவன் பேசினான், அவனுக்கு அது பெரிய பிரசங்கம். காம்புக்கு நிறம் பார்க்காதே. வெள்ளையும் ஒன்றுதான், கறுப்பும் ஒன்றுதான். மரத்து நார் ஓடுகிற கோட்டைப் பார். இந்த நுனியில் கிளம்பின கோடு பக்கவாட்டில் வெளியே ஓடிவிடாமல் அந்த நுனி வரை நேராகப் போக வேண்டும். கிளை பிரிகிற இடத்துக் கட்டையில் சுழி விழும், அது பெட்டி செய்ய, காட்சிக்கு வைக்க. கோடு எங்கே வெளியே ஓடுகிறதோ அங்கே காம்பு உடையும், உடைந்தால் ஊசியாக உடையும். அப்படிச் சொல்லிவிட்டு, வெளுத்துப்போன, பார்க்க ஒரு லட்சணமும் இல்லாத கட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தான். கோடு அதில் நூல் பிடித்த மாதிரி ஓடியது.

உடைவதைப் பற்றி எட்டு வருஷம் எழுதிக் கொடுத்தவனுக்கு இதைச் சொல்லி முடிக்கக்கூட வேண்டாம், பாதியிலேயே புரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அந்த வெள்ளைக் காம்பைச் சீவ ஆரம்பித்தேன்.

அடுத்த சனிக்கிழமை சகலை வந்தான். வெல்டர் ஏதோ சாமான் வாங்க டவுனுக்குப் போயிருந்தான். நாங்கள் இரண்டு பேர்தான். சகலை நேரே கட்டை அடுக்குக்குப் போனான். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தான், எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தான். கடைசியில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி ஓடிவந்தான். பீக்கன் மரத்தின் கிளை பிரிகிற இடம். காபித்தூள் நிறம். மேலிருந்து கீழே மயில் தோகை மாதிரி சுழி.

"அண்ணே, இதப் பாருங்களேன். எப்படி வைரம் பாஞ்சு கெடக்கு! இது ஓக்கேவா? நீங்க சொன்னாத்தான் எடுப்பேன்."

நான் கட்டையை வாங்கிப் பார்த்தேன். நடுவுக்குக் கொஞ்சம் கீழே, கோடு பக்கவாட்டில் வெளியே ஓடியது. கையால் பிடிக்கிற இடத்துக்குச் சற்று மேலே. என் விரல் அந்த இடத்தில்தான் நின்றது. அங்கேதான் உடையும் என்று எனக்குத் தெரியும். அப்பட்டமாகத் தெரியும். வாயைத் திறந்து, 'இது வேண்டாம்டே, கோடு ஓடுது பார்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

சொல்லவில்லை. உடைந்தால் எங்கே உடையும்? பண்டிகைக்கு முன்னாலேயே அவன் வீட்டுப் பின்பக்கம் மரத்தில் எறிந்து பார்க்கும்போது உடையும். ஒரு தடவையாவது அவன் செய்தது ஒன்று உடையட்டுமே. அவனும் ஒரு தடவை பல்லிளிக்கட்டுமே. இப்படித்தான் நினைத்தேன். இதற்கு மேல் நல்லவன் வேஷம் போட இஷ்டமில்லை.

"நல்லா இருக்கு" என்றேன். "ரொம்ப நல்லா இருக்கு. உனக்கு நல்ல கண்ணு."

அவன் முகம் அப்படியே மலர்ந்தது. கட்டையை வீட்டுக்கே எடுத்துப்போய்ச் செதுக்கப்போவதாகச் சொன்னான். வெல்டர் கண்ணில் அது படவே இல்லை.

பண்டிகைக்கு இரண்டு வாரம் இருந்தது. இரண்டு வாரமும் எனக்கு ஒரு பக்கம் குறுகுறுப்பு, ஒரு பக்கம் பயம். போனை எடுப்பேன், வைப்பேன். அந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. ஹாலுக்குள் நுழைந்ததும் கூட்டம் எங்கே நிற்கிறது என்று பார்த்தேன். சகலையின் டாமஹாக்கைச் சுற்றித்தான். பல் டாக்டர் கையாயிற்றே! காம்பை இழைத்து, கண்ணாடிச் சில்லால் சுரண்டி, எண்ணெய் தேய்த்துத் தேய்த்து, அந்தச் சுழி எல்லாம் வெளிச்சத்தில் அசைகிற மாதிரி இருந்தது. அலகு வெள்ளி மாதிரி மின்னியது. பக்கத்தில் என்னுடையது. கோணல் கண், வெள்ளைக் காம்பு. யாரோ அதன்மேல் ஒரு அதிரசத் தட்டைச் சாய்த்து வைத்திருந்தார்கள்.

"டாடி, சித்தப்பாவோடது இஸ் ஸோ ப்ரெட்டி" என்றாள் என் மகள்.

"ஆமா" என்றேன்.

என் மனைவியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். காம்பை மெதுவாகத் தடவினாள். "எப்படி இழைச்சிருக்காரு பாருங்க. பட்டு மாதிரி இருக்கு" என்றாள். அது ஏலத்துக்குப் போகிற பொருள், வாங்குகிறவன் கையில் உடையும், இப்போதாவது சொல்லிவிடலாம் என்று தொண்டை வரை வந்திருந்தது. பட்டு மாதிரி என்று அவள் சொன்னதும் அது அப்படியே உள்ளே போய்விட்டது.

ஆராதனை முடிந்து, ஹாலுக்கு வெளியே புல்தரையில் ஏலம் ஆரம்பித்தது. ஐக்கியத்தின் செயலாளர் அங்கிள்தான் ஏலம் விடுகிறவர், வாய் ஓயாத மனிதர். சகலையின் டாமஹாக்கைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார்.

"டாக்டர், இது சும்மா ஷோபீஸா, இல்ல வெட்டுமா? டெமோ காட்டுங்க, அப்பத்தான் ரேட்டு ஏறும்!"

எல்லோரும் கை தட்டினார்கள். புல்தரை ஓரத்தில் வெட்டிப்போட்ட ஒரு அடிமரத் துண்டு கிடந்தது. சகலை வெட்கப்பட்டுக்கொண்டே சட்டைக் கையை மடித்துவிட்டான். பெண்களைத் தள்ளி நிற்கச் சொன்னான். ஒரே போடு. அலகு கண் வரைக்கும் மரத்துக்குள் இறங்கிவிட்டது. 'ஓ' என்று ஒரே சத்தம். அத்தோடு விட்டிருந்தால் போதும். அலகு நன்றாகச் சிக்கிக்கொண்டதால், அதை வெளியே எடுக்க, காம்பைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தான்.

"விடு! அசைக்காதே!" என்று நான் கத்தினேன். கை தட்டலில் என் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

சடக்கென்று ஒரு சத்தம். காம்பு நான் விரல் வைத்துப் பார்த்த அதே இடத்தில் சரிவாகப் பிளந்தது. அவன் தன் பலம் முழுவதையும் கொடுத்து அழுத்திக்கொண்டிருந்ததால், பிளந்த ஊசி முனை வலது கைக் கட்டைவிரலின் அடிச்சதைக்குள் ஏறி, மறுபக்கம் தோலைத் தள்ளிக்கொண்டு நின்றது. வலது கை. அவன் பல் பிடுங்குகிற கை. என் மைத்துனி, "ஐயோ ஏசுவே" என்று அலறிக்கொண்டு ஓடினாள். என் மனைவிதான் நிதானமாக இருந்தாள். ஊசியைப் பிடுங்காதீர்கள் என்று எல்லோரையும் விலக்கி, தன் முந்தானையைக் கிழித்துச் சுற்றிக் கட்டி, காரில் ஏற்றினாள். நான்தான் ஓட்டினேன்.

ஆஸ்பத்திரியில் கீறி எடுத்துத் தையல் போட்டார்கள். தசைநார் தப்பித்தது, மயிரிழையில் தப்பித்தது என்றார் டாக்டர். மூன்று வாரம் கையை அசைக்கக்கூடாது, அப்புறம் பிடிமானம் பழையபடி வருகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். வராமலும் போகலாமா என்று என் மைத்துனி கேட்டாள். மூன்று வாரம் போகட்டும் என்றார் டாக்டர். சகலை வெளுத்துப்போய்ப் படுத்திருந்தான். என்னைப் பார்த்துச் சிரிக்க முயற்சி பண்ணினான். நான் பார்க்கிங்கில் காரை எடுக்கப்போவதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அவர்கள் இரண்டு பேரையும் செயலாளர் அங்கிள் தன் காரில் வீட்டில் விடுவதாகச் சொல்லிவிட்டதால், திரும்பி வரும்போது காரில் நாங்கள் மூன்று பேர்தான். மகள் பின்சீட்டில் தூங்கிவிட்டாள். வெயில் இன்னும் இருந்தது. ஃப்ரீவேயில் ஏறி இரண்டு எக்ஸிட் தாண்டியதும் எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"அந்தக் கட்டை உடையும்னு எனக்குத் தெரியும்" என்றேன்.

அவள் தலையைத் திருப்பவில்லை. "எப்பத் தெரியும்?"

"அவன் அதைத் தூக்கிட்டு வந்து காட்டினானே, அப்பவே. அதுக்கு முந்தின வாரம்தான் வெல்டர் எனக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தான். எந்த இடத்துல உடையும்னு கூடத் தெரியும். நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன்."

"ஏன்?"

"பொறாமை" என்றேன். வேறு வார்த்தை இல்லை.

அவள் அழவில்லை, சத்தம் போடவில்லை. வீட்டு எக்ஸிட்டில் இறங்கினோம். சிக்னலில் நின்றபோதுதான் பேசினாள்.

"அன்னைக்கு சாயங்காலம் தங்கச்சி போன் பண்ணினா. 'அக்கா, அத்தான் இன்னைக்கு இவரப் பாராட்டிட்டாங்களாம், உனக்கு நல்ல கண்ணுன்னு சொன்னாங்களாம், மனுஷன் வீட்டுக்குள்ள குதிச்சிக்கிட்டு வாராரு'ன்னு. இத்தனை வருஷத்துல நீங்க அவரப் பாத்து நல்லாருக்குன்னு சொன்னதே அதுதான் முதல் தடவையாம். எண்ணி வச்சிருக்காரு பாவம். நான் கிச்சன்ல நின்னு அழுதேங்க. வேலை போயும், இவ்வளவு கஷ்டத்துலயும், நம்ம மனுஷனுக்கு இப்படி மனசு விரிஞ்சிருக்கேன்னு. எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா? லேபுல எல்லார்கிட்டயும் சொன்னேன்."

பின்னால் இருந்த கார் ஹாரன் அடித்தது. சிக்னல் பச்சையாகி எவ்வளவு நேரம் ஆயிற்றோ. இரண்டு வாரம் என் மனைவி என்னைப் பற்றிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். எதற்காக ஐந்து அரத்தை வீணாக்கினேனோ அது வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. நான் அவன் கட்டையை நினைத்துக்கொண்டே அலைந்ததில் அவள் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்குள் போனதும் மகளைப் படுக்க வைத்துவிட்டு அவள் நேராக போனுக்குப் போனாள். தங்கை வீட்டு நம்பரைச் சுழற்றினாள். ரிசீவரை என் பக்கம் நீட்டினாள்.

"வந்து சேர்ந்திருப்பாங்க. என்கிட்ட சொன்னதை அவர்கிட்டயும் நீங்களே சொல்லுங்க."

மூன்று தடவை மணி அடித்தது. மைத்துனி எடுப்பாள் என்று நினைத்தேன். அவனே எடுத்தான்.

"அண்ணே, நானே கூப்பிடணும்னு இருந்தேன்" என்றான். மருந்தில் குரல் கொஞ்சம் குழறியது. "மனசே சரியில்லண்ணே. நீங்க நல்லா இருக்குன்னு சொன்ன கட்டை. நான்தான் ரொம்ப இழைச்சு மெலிசாக்கிக் கெடுத்துட்டேன். எல்லார் முன்னாலயும் உங்க வார்த்தையப் பொய்யாக்கிட்டேன். மன்னிச்சிருங்கண்ணே."

என் மனைவி எதிரில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.